ஆயுத பூஜைக்குத் துடைத்த சர்வர் ரூம்

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். டெலிபோன் வயர் இழுக்கும் காண்ட்ராக்டரிடம் குழி தோண்டப் போய், அங்கிருந்து நானாகக் கற்று மேலே வந்தேன். மதுரையில் ஆபீசுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் வந்த காலத்தில், ஆனையூர் முதல் ஒத்தக்கடை வரை நான் கேபிள் போட்ட இடங்களைச் சொல்ல ஒரு பொழுது போதாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை, கே.கே. நகர் ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் கூப்பிட்டார். அவர் ஆபீசில்தான் சர்வர். ஒத்தக்கடை குடோனிலிருந்து மோடம் வழியாக டயல் செய்து உள்ளே வந்து, ஸ்டாக் பார்த்து, பில் போட்டு லோடு அனுப்புவார்கள். அன்றைக்கு எத்தனை முறை டயல் செய்தாலும் மணி அடிக்கிறது, மோடம் எடுக்கவில்லை. தீபாவளிச் சரக்கு ஏறாமல் லாரி நிற்கிறது. சாஃப்ட்வேர் கொடுத்த சென்னைக் கம்பெனிக்கும் உள்ளே வர அந்த மோடம்தான் வழி. லைனைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்துகொண்டு அவர்களால் வேறென்ன சொல்ல முடியும்?

நான் போனபோது, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பிரபாவை முதலாளி திட்டி முடித்திருந்தார். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண். தாய் தகப்பன் வயல் கூலிக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று முதலில் வாங்கியவள் அவள்தான்.

"செட்டிங்க மாத்திப்புட்டு மாத்தலைங்குதுண்ணே. நீங்க சரி பண்ணிக் குடுங்க. சாயங்காலம் இந்தப் புள்ள கணக்க முடிச்சு வீட்டுக்கு அனுப்பிர்றேன்" என்றார் முதலாளி.

பிரபா என்னோடு சர்வர் ரூமுக்கு வந்தாள்.

சர்வர் ரூம் கதவைத் திறந்ததும் சந்தன வாசம். அந்த ரேக் நான் கட்டியது. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் ஸ்டிக்கர், டெலிபோன் வயர் தனி, நெட்வொர்க் தனி. இப்போது எல்லாம் ஒரே சடையாகப் பூக்கட்டும் நாரால் கட்டிக் கிடந்தது. மோடத்துக்கும், நெட்வொர்க் வயரெல்லாம் வந்து சேரும் ஹப்புக்கும் பொட்டு. ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை.

சுவரில் உள்ள சாக்கெட்டில் ஒரு போனை மாட்டிப் பார்த்தேன். டயல் டோன் வந்தது. லைன் நல்ல லைன். அங்கிருந்து வயரைக் கையில் பிடித்துத் தடவிக்கொண்டே போனேன். கண்ணால் பார்த்துப் போகக் கூடாது. கட்டுக்குள் கண் பக்கத்து வயருக்குத் தாவிவிடும். வயர் மோடத்துக்குப் போகாமல் ஹப்பில் போய் நின்றது. டெலிபோன் பின் சின்னது, நெட்வொர்க் ஓட்டையிலும் உட்கார்ந்துகொள்ளும்.

"யாரு இதக் கழட்டுனது?" என்றேன். பிரபா தரையைப் பார்த்தாள். முதலாளியின் தாய்மாமா, அங்கே கணக்கு பார்த்து, ஆபீஸ் சாவிகளையும் வைத்திருக்கும் பெரியவர், முன்னால் வந்தார்.

"நாந்தான் தம்பி. தறியவே கழட்டித் தொடச்சுப் பொட்டு வச்ச வம்சம் நாங்க. இத மட்டும் தூசியும் தும்புமா விடலாமா? ஈரத்துணி பட்டதும் ஸ்டிக்கர் உரிஞ்சுருச்சு. எந்த ஓட்டையில சேர்ந்துச்சோ அதுல சொருகிட்டேன்."

"காலையிலேயே சொல்லிருக்கலாம்ல மாமா?" என்றார் முதலாளி.

"நீ செட்டிங்குன்னுல்ல கேட்ட. நான் அதத் தொடவே இல்லையே."

முதலாளி அவரிடம் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு பிரபாவிடம் திரும்பி, மாமா கழட்டியது உனக்குத் தெரியும்தானே என்று கேட்டார்.

"தெரியும் சார். உங்க மாமாவச் சொன்னா நம்பிருப்பீங்களா?"

நான் பின்னை எடுத்து மோடத்தில் மாட்டி, குடோனில் டயல் செய்யச் சொன்னேன். மோடம் கீச்சிட்டு, லைட் நின்று எரிந்தது.

"பிரபா, லோடு ஏத்தச் சொல்லும்மா" என்றார் முதலாளி. கணக்கு முடிக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் காகித ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக் டேக்தான். டெலிபோன் வயருக்கு வேறு கலர். அதைவிட முக்கியம், கனெக்‌ஷன் போனால் முதலில் வயரைப் பிடியுங்கள், ஆளைப் பிடிக்காதீர்கள். சர்வருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யாரோ அவர் கையில்தான் அந்த ரூம் சாவி இருக்க வேண்டும். கிளம்பும்போது இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் இடுப்பிலிருந்து அந்த ரூம் சாவியை அவிழ்த்து பிரபாவின் மேஜையில் வைத்தார்.