ஆறுக்கு அப்புறம் பன்னெண்டு

செய்தி வந்தபோது நான் வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்தேன். என் காயை வெட்டியவள் யாழினி, நான்கு வயதுச் சுட்டி. அந்தக் குதூகலம் அடங்குவதற்குள் கைப்பேசி அடித்தது. பிலோமின் டீச்சரின் தம்பி. "டீச்சர், அக்கா காலையில போயிட்டாங்க" என்றார். சில நாளாக உடம்பு சரியில்லை என்று தெரியும்; இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. "மிஸ், உங்க ஆட்டம்" என்று பிள்ளைகள் தாயக்கட்டைகளை என் கையில் திணித்தார்கள். உருட்டினேன். என்ன விழுந்தது என்று நினைவில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் மழலையர் பள்ளியில் படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், பிலோமின் டீச்சரோடு சண்டை போட்டவர்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். மூன்றாவது வகையினர்தான் அதிகம். அதில் நானும் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்.கே.ஜி. அறையில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓர் அம்மாள் சிறுசுகளோடு சரிக்குச் சரி ஆடிக்கொண்டிருந்தார். "கணக்கு கிளாஸ் எங்க நடக்குது?" என்று கேட்டேன். "இதான். உக்காரு, ஒரு எடம் காலியா இருக்கு" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். அதன்பிறகு அடுத்தடுத்த அறைகளில் இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தோம்.

தாயம் ஆடியறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றின் மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளின் புள்ளிகளையும் கூட்டினால் ஆறுக்கு மேல் வராது. ஒன்று விழுந்தால் அதற்குப் பெயர் தாயம். அது விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னெண்டு. வெட்டுப்படாமல் முழுக்கச் சுற்றி நடுவீட்டுக்குப் போய்ச் சேர்ந்த காய் பழம்.

"புள்ள நூறு வரைக்கும் ஒப்பிக்கும். ஏழு புளியங்கொட்டை எடுத்தாடின்னா முழிக்கும். அது பாட்டு, கணக்கு இல்ல" என்பார் டீச்சர். அவருக்குக் கணக்கு எங்கும் கிடைத்தது. ஞாயிறு மாலைகளில் பெத்தாங் என்கிற பிரெஞ்சுக் குண்டெறி ஆட்டம் ஆடும் ஆண்களின் நடுவே போய் நின்று, எந்த இரும்புக்குண்டு இலக்குக்குக் கிட்டே கிடக்கிறது என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்வார். திங்கட்கிழமை அதே ஆட்டம் எங்கள் முற்றத்துக்கு வந்துவிடும், எலுமிச்சம்பழங்களோடு. எது கிட்டே, எது தூரம் என்று பிள்ளைகள் ரிப்பனை வைத்து அளந்து சண்டை போடுவார்கள். சண்டை தீர்ந்ததும் இலக்குகளும் குண்டுகளும் சர்பத்தாகிவிடும்.

ஒரு முறை, அழுமூஞ்சிப் பையன் ஒருவனுக்காக நான் வேண்டுமென்றே தோற்றேன். டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பொய்யா தோக்காத செல்வி. அதுங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அவருக்கு அந்தச் சிக்கலே கிடையாது. ஜெயித்தால் கைதட்டிச் சிரிப்பார். சிறுசு எதுவாவது அவர் காயை வெட்டிவிட்டால் மதியச் சாப்பாடு வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். நான் கேலி செய்தால் எனக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் அவர். பிள்ளைகள் சரியான விடை சொன்னால் "த்ரே பியேன்" என்று கன்னத்தைத் தட்டுவார். ஆனால் யாராவது நல்ல கேள்வி கேட்டுவிட்டால் த்ரே பியேன் எல்லாம் போதாது. கையை உயர்த்தி, தெருமுனைவரை கேட்கும்படி "பழம்!" என்று கத்துவார். வகுப்பே சேர்ந்து கத்தும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் இந்தக் கத்தலுக்கும் ஆட்டத்துக்கும் ஆபத்து வந்தது. டீச்சரின் வகுப்புப் பிள்ளை கயல்விழியின் அப்பா குமரவேல் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, யூனிபார்மோடு நேராகப் பள்ளிக்கு வந்தார். கூடவே இன்னும் சில பெற்றோர். சத்தம் கேட்டுத் தாளாளரும் வந்துவிட்டார்.

"பெரிய ஸ்கூலுக்கு அட்மிஷனுக்கு இட்டுக்கினு போனேன் டீச்சர். ஒன்னு ரெண்டு சொல்லும்மான்னாங்க. இது 'தாயம், ரெண்டு, மூணு'ன்னு ஆரம்பிக்குது! ஆறு வரைக்கும் வந்துச்சு. அப்புறம் இன்னா தெரியுமா? பன்னெண்டு! அங்க இருந்தவங்கள்லாம் சிரிச்சிட்டாங்க. எடம் இல்லன்னுட்டாங்க. நான் புள்ளைய படிக்க அனுப்புனனா, தாயம் ஆட அனுப்புனனா?"

எனக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தாளாளர் டீச்சர் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து தரையில எதுவும் போடாதீங்க. எல்லாரையும் போல எழுத வைங்க."

"ஆட்டம் நின்னா நானும் நின்னுக்குறேன் சார்" என்றார் டீச்சர். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை அவர். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம். அப்பாவும் பொண்ணும் ஆடட்டும்."

குமரவேல் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கயல் எச்சரித்தாள். "அப்பா, அங்க நிக்காத. எனக்கு அஞ்சு விழுந்தா உன்ன வெட்டிடுவேன்."

அவர் விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். சரியாக ஐந்து கட்டம். "எப்டிம்மா எண்ணாமலே சொன்ன?"

"பாத்தாலே தெரியுதேப்பா."

அவள் உருட்டினாள். இரண்டும் வெறுமை. காயைத் தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள். கட்டைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீச்சர், இதுலயும் ஒன்னும் இல்ல, இதுலயும் ஒன்னும் இல்ல. ரெண்டும் சேந்தா எப்டி பன்னெண்டு?"

குமரவேல் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் கட்டையைப் பார்த்தார். டீச்சரின் கை உயர்ந்தது.

"பழம்!"

பெற்றோர்கள் திடுக்கிட்டார்கள். பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். டீச்சர் கயலை மடியில் இழுத்துக்கொண்டார். "நீ சொல்றதுதான் சரி. ரெண்டு காலி சேந்தாலும் காலிதான். பன்னெண்டுன்றது ஆட்டத்துக்காக பேசி வெச்சுக்கினது. சரி, ஆறுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல யார் யாரு ஒளிஞ்சிருக்காங்கன்னு கட்டம் கட்டமா போய்ப் பாப்பமா?" இருவரும் காயை நகர்த்தினார்கள். ஏழும் எட்டும் ஒன்பதும் வெளியே வந்தன. அடுத்த முறை பன்னெண்டு விழுந்தபோது கயல் தனியாகவே எண்ணிக்கொண்டு போனாள்.

பிறகு குமரவேலுக்கு நான்கு விழுந்தது. ஆட்டத்தில் முழுசாக இறங்கிவிட்டிருந்த மனிதர் காயை எடுத்து வைத்தார். "தாயம், ரெண்டு, மூணு..."

"அப்பா! ஒன்னுன்னு சொல்லணும்ப்பா!" என்றாள் மகள்.

முதலில் சிரித்தது தாளாளர்தான். "ஆடுங்க, ஆடுங்க. சாயந்திரம் தரைய மட்டும் தொடச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குமரவேல் எழுந்து, "இன்னொரு வருஷம் இங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்றார். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் டீச்சர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கேள்விய நானே கேட்டுருக்கலாம், செல்வி. நான் கேட்டா அது என் கேள்வி. அதான் வாய மூடிக்கினு உக்காந்திருந்தேன்" என்றார்.

கயல் இப்போது மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். கல்லறைத் தோட்டத்துக்கு அப்பாவோடு வந்திருந்தாள். சாமியார் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகப் போய் ஒரு கைப்பிடி மண் போட்டோம். கயல் மண்ணைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள். "ஃபுல்லா சுத்தி வந்துட்டாங்க இல்ல மிஸ்?" என்று என்னைக் கேட்டாள். பிறகு குழிக்குள் பார்த்து, மெதுவாக, "பழம்" என்றாள்.

பக்கத்தில் நின்ற குமரவேல் கையை உயர்த்தி இன்னும் உரக்கச் சொன்னார். அவ்வளவுதான். மீசை வைத்தவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள், தலைமுதல் கால்வரை வெள்ளையுடுத்திய கன்னியாஸ்திரீ ஒருவர், எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். சாமியார் திகைத்துப்போய்ப் பார்த்தார். டீச்சரின் தம்பி அவர் காதில் ஏதோ சொல்ல, அவரும் சிரித்தார். நான் அழுதேன், அதே வாயால் கத்தவும் செய்தேன். ஓர் ஆசிரியைக்கு இதைவிட வெற்றி என்ன இருக்கிறது?

அவருடைய பித்தளைக் கட்டைகளைத் தம்பி என்னிடம் நீட்டினார். கயலிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பள்ளியில் வேறு ஜோடி இருக்கிறது. நான் வைத்துக்கொண்டது வேறு. பதிலை முந்திக்கொண்டு சொல்லாமல், கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாரே, அந்த வாய்மூடலை. ஓயாமல் பேசுகிற எனக்கு அது பெரும்பாடு.

திங்கட்கிழமை யாழினி கட்டையை உருட்டினாள். இரண்டும் வெறுமை. காயைத் தூக்கியவள் நிறுத்தினாள். கட்டைகளை எடுத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.