ஒரு பேர்தானா?

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் அமைச்சரவை இருக்கிறது. சும்மா சொல்லவில்லை. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுவார்களே, அந்த மர அலமாரி. மொத்தம் நாற்பத்தெட்டுப் பொந்துகள். பழசாகிவிட்டது என்று அவர்கள் ஒதுக்கியதை என் மனைவி கேட்டு வாங்கி வந்து கூடத்தில் நிறுத்திவிட்டாள். ஃப்ரிட்ஜ் பாவம், சமையலறை வாசலைப் பாதி மறித்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிப் போகிற அவசரத்தில் என் முழங்கை எத்தனை தடவை இடிபட்டிருக்கிறது என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

ஒவ்வொரு பொந்தின் நெற்றியிலும் ஒரு சீட்டு. நிதி, உள்துறை, போக்குவரத்து, சுகாதாரம். உள்ளே அந்த அமைச்சருக்கென்று ஓர் அட்டை. அட்டையில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் தேதி போட்ட வரிகள். 'முழங்கால் அறுவை சிகிச்சை.' 'தாயார் இறந்து பத்து நாள்.' 'சட்டசபையில் கத்தினார், பொறுமை வேண்டும்.' அமைச்சரவையில் மாற்றம் என்று டிவியில் சொன்னால் அன்று சாயங்காலம் எங்கள் கூடத்திலும் சீட்டு மாறும். பதவி போனவரின் அட்டையைக் கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். மாட்டாளாம். கீழ் வரிசைக்கு இறக்குவாள். "பதவி போனாத்தான் ஜெபம் ரொம்பத் தேவைப்படும்" என்பாள்.

தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பதுதான் அவள் வேலை, இருபத்திரண்டு வருஷமாக. நான் கூப்பிடுவது 'போஸ்ட் மாஸ்டர்' என்று. நான் தண்ணீர் பம்ப் ரிப்பேர் செய்கிறவன். விசுவாசி என்றுதான் பெயர், பிரசங்கம் தொடங்கினால் கண் தானாகச் சொக்கும். அவளோ விடியுமுன் வேலைக்குப் போய், மத்தியானம் திரும்பி, சமைத்து, துவைத்து, சரியாக ஐந்து மணிக்கு அலமாரி முன்னால் நின்றுவிடுவாள். ஐந்திலிருந்து ஆறு வரை ஆட்சியில் இருக்கிறவர்களுக்காக ஜெபம். அவளைப் போலவே பன்னிரண்டு பெண்கள், அவரவர் வீட்டில், அதே நேரத்தில். பதினோரு வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்ததில்லை.

எங்கள் ஒரே மகள் எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், ஆகவே அவள் 'வக்கீல்'. பன்னிரண்டு வயதில் ஒருநாள் அம்மாவிடம் கேட்டாள்: "எனக்கும் ஒரு இலாகா குடுங்கம்மா. அப்பவாவது தினமும் அஞ்சு மணிக்கு என் மூஞ்சியப் பாப்பீங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குள் போனவள் வெளியே வர வெகுநேரமாயிற்று. மறுநாள் ஐந்து மணிக்கு வழக்கம்போல அலமாரி முன்னால்தான் நின்றாள்.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு சட்டம் உண்டு. யாருக்காக ஜெபிக்கிறார்களோ அவரிடம் எதுவும் கேட்கக்கூடாது. வேலை, இடமாற்றம், சிபாரிசு, ஒன்றும் கூடாது. "நாம அவங்களுக்காகக் கேக்கறவங்க. அவங்ககிட்டயே கேக்க ஆரம்பிச்சா, அது ஜெபம் இல்ல, மனு" என்று புதிதாக வருகிறவளிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

அந்தச் சட்டத்தால்தான் ஒரு போன் நம்பர் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சுகாதார அமைச்சர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்று இவள் ஒரு கார்டு போட்டாள். அதைப் படித்துவிட்டு அவர் மனைவி கூப்பிட்டார். அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் பேசுவார்கள். ஒருநாள் ஸ்பீக்கரில் கேட்டது: "எங்க வீட்டுப் படியேறுற எல்லார் கையிலயும் ஒரு பேப்பர் இருக்குக்கா. வெறுங்கையோட பேசுறது நீங்க ஒருத்திதான்." அந்த நம்பர் சுகாதாரத் துறை அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். வக்கீல் அப்போது நர்ஸிங் கடைசி வருஷம். ஒரு வார்டுக்கு ஒரே மாணவி, பதினாறு மணி நேர டியூட்டி. பொறுத்துப் பார்த்துவிட்டு அன்று காலை மாணவிகள் சுகாதார அமைச்சரின் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்துப் பேரைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எங்களுக்குச் சொன்னது டியூஷன் டீச்சர். ஜெபக் கூட்டத்துப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். அவர் மகளும் என் மகளும் விடுதியில் ஒரே அறை. இரண்டு பேரும் உள்ளே.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள மேலேருந்து ஒண்ணும் வரலன்னா நீதிபதி முன்னாடி நிறுத்திடுவேன். கேஸ் பதிவாயிட்டா காலேஜ்ல வச்சுக்க மாட்டாங்க. நர்ஸ் வேலைய மறந்துடுங்க."

அப்போது மணி பதினொன்றரை. மனைவியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அந்த அமைச்சர் வீட்டம்மாவுக்கு ஒரு போன் போடு."

"முடியாதுங்க."

"முடியாதா? உன் வயித்துல பொறந்த பொண்ணு உள்ள இருக்கா!"

"தெரியும். உள்ள பத்துப் பொண்ணுங்க இருக்காங்க."

"ஊரான் பொண்ணப் பத்தி நான் கேக்கல."

"கத்தாதீங்க. டீச்சர் பாக்குது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பதினோரு வருஷமா ஒருத்தரையும் கேக்க விடலங்க. போன மாசம் டீச்சரோட தம்பி இடமாற்றத்துக்குக்கூட வேண்டாம்னு சொன்னேன். இன்னிக்கு என் பொண்ணுன்னதும் கேட்டா, நான் யாரு?"

"அம்மா! நீ அவளுக்கு அம்மா! வேற யாரு?"

மகளின் கல்லூரி அடையாள அட்டை வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தார். அதை எடுத்து வரச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினாள்.

அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நேராக வந்திருக்கலாம். கூடத்தில் அலமாரி நின்றது. 'சுகாதாரம்' என்ற பொந்தில் கையை விட்டேன். கடைசி வரியில் அன்றைய தேதி. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் எழுதியிருக்கிறாள். 'இவருக்கு நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. இன்றாவது தூக்கம் தாரும்.'

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மகள் கைதாவதற்கு முன்னால் எழுதிய வரிதான், அது என் புத்திக்குத் தெரியும். இருந்தாலும் என் பிள்ளை சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்க, இந்த ஆளுக்குத் தூக்கமா? அட்டையைத் திருப்பினேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே போன்தான், அது என் சட்டைப்பையில் இருந்தது. நம்பரை அழுத்தினேன்.

"அக்கா, இந்த நேரத்துல கூப்பிட மாட்டீங்களே, என்னாச்சு?" என்றது அந்தக் குரல். சந்தோஷமாகத்தான் கேட்டது.

"அம்மா, நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அக்கா கேக்கச் சொன்னாங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

"பேர் சொல்லுங்க."

மகளின் பெயரைச் சொன்னேன்.

"ஒரு பேர்தானா?"

அந்த இடத்தில் எனக்கு டீச்சர் மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் இரண்டாகக் கேட்டால் இரண்டும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். "ஒரு பேர்தாம்மா" என்றேன்.

திரும்பி வந்து அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் டீச்சர். டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்க, குடிங்கண்ணா" என்றார். வாங்கிக் குடித்தேன். ஒவ்வொரு தடவை உள்ளே போன் அடிக்கும்போதும் எனக்கு வேர்த்தது.

மூன்றேகாலுக்கு ஒரு கான்ஸ்டபிள் வெளியே வந்து மகளின் பெயரை மட்டும் கூப்பிட்டார். வக்கீல் கலைந்த தலையோடு வந்து நின்றாள்.

"நீ போகலாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மத்தவங்க?"

"உனக்கு மட்டும்தான் மேலிடத்துலேருந்து போன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். நான் கோபத்தை எதிர்பார்த்தேன். ஆனால் அவள் முகம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகமாக மாறியது. "எனக்காகவா கேட்டீங்க? நீங்களாம்மா?"

டீச்சரும் என் மனைவியைத்தான் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது வேறு. "அக்கா..." என்றார்.

என் மனைவி ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் மகள் முகத்தில் வந்த அந்த வெளிச்சம் போய்விடும். ஆமாம் என்றால் டீச்சர் முகத்தில் முழிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் அவளை நிறுத்தியவன் நான். வாயை மூடிக்கொண்டு அவள் நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நான்தான் கேட்டேன்" என்றேன். "அம்மாவுக்குத் தெரியாது."

மகளின் முகம் அணைந்தது. பிறகு, "பத்துப் பேர் ஒண்ணா வந்தோம். நான் மட்டும் போகமாட்டேன் சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மனைவி கையை நீட்டினாள். "போனக் குடுங்க."

அங்கேயே, எல்லோர் எதிரிலும் பேசினாள். "அம்மா, நான்தான். என் வீட்டுக்காரர் உங்ககிட்ட ஒரு பேர் சொன்னாராம். நான் சொல்லச் சொல்லல. ஆனா அது அப்படியே நின்னா பெரிய தப்பு. இங்க பத்துப் பொண்ணுங்க இருக்காங்க. பத்துப் பேருக்கும் கேக்கறேம்மா. இதுவரைக்கும் கேட்டதில்ல, இனிமேலும் கேக்கமாட்டேன்."

பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது அந்தக் குரல். இரண்டே வார்த்தை.

"நீங்களுமா அக்கா?"

லைன் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அந்த நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஐந்து மணி அடித்தது. மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பத்துப் பேரையும் வண்டியில் ஏற்றினார்கள். அது அவளுடைய ஜெப நேரம். ஸ்டேஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதடு அசையவேயில்லை. டீச்சர்தான் வந்து அவள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

நீதிமன்றத்தில் நடந்ததைச் சொன்னால் என்னை நீங்களே அடிப்பீர்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எத்தனை மணி நேரம் டியூட்டி?" என்று கேட்டார். எங்கள் வீட்டு வக்கீல் முன்னால் வந்து சொன்னாள். "வாசல்ல உட்கார்ந்ததுக்கு ஒரு கேஸா?" என்று போலீஸைக் கடிந்துவிட்டு, எச்சரிக்கையோடு பத்துப் பேரையும் அனுப்பிவிட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கேஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் போனே போட்டிருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "எங்களுக்காகப் போய் உங்க சட்டத்த உடைச்சிட்டீங்களேம்மா" என்றாள். மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னிடம் இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தபோது அட்டையை எடுத்துப் பார்த்தேன். திட்டி ஏதாவது எழுதியிருப்பாள், படித்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஒரே ஒரு புது வரி இருந்தது.

'இவர் மனைவிக்கு எதுவும் கேட்காத ஆள் இனி ஒருவரும் இல்லை. என்னால்.'

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பம்ப் ஓடவில்லை என்று யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள், எழுந்திருக்கவில்லை. அப்புறம் பேனாவை எடுத்து, அவளுடைய அழகான எழுத்துக்குக் கீழே என் கோணல் எழுத்தில் எழுதினேன்: 'இவளால் இல்லை. பம்ப் ரிப்பேர்காரனால்.'

சாயங்காலம் அவள் அதைப் படித்தாள். ஐந்து மணிக்கு அந்த அட்டையை மட்டும் உருவி என் கையில் கொடுத்துவிட்டு, மற்ற அட்டைகளோடு நகர்ந்து நின்றாள்.

வாழ்நாளில் முதல்முறையாக அலமாரி முன்னால் நின்றேன். என்ன சொல்வது? அமைச்சரின் பெயர் அட்டையிலேயே இருந்தது. எனக்கு அவரிடம் பேச்சில்லை. நான் பொய் சொன்னது அந்த அம்மாவிடம். வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. 'ஒரு பேர்தானா?' என்று என்னைக் கேட்டவருடைய பேர் எனக்குத் தெரியாது. ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"அவங்க பேர் என்ன?" என்று மனைவியிடம் கேட்டேன். இரண்டு நாளில் எங்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன்.