மேல்கோட்டைத் தாண்டிய ஆயில்

நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் காரின் எஞ்சினுக்கு நான் ஒருமுறை ஆயில் ஊற்றினேன். யாரும் ஊற்றச் சொல்லவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் அப்பா ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பிறந்தநாளைக் கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்; வண்டிக்கு என்றைக்கு ஆயில் மாற்றினார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தேய்ந்த எஞ்சினுக்கும் எங்கள் ஊர் வெயிலுக்கும் முப்பதாம் நம்பர் ஆயில் தண்ணீராய் இளகிவிடும், நாற்பதுதான் சரி என்பது அவர் கட்சி. தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பார். கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள். கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆயில் இறங்கினால் எஞ்சின் செத்துப்போகும் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். மேல்கோட்டைப் பற்றியும் ஏதோ சொன்னார். 'செத்துப்போகும்' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை.

சித்திரை மாதம். அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அன்று மதியம் சவாரி முடித்து வந்த அப்பா, வண்டியின் முன்சக்கரங்களைச் சாக்கடைமேல் போட்டிருந்த கல்லில் ஏற்றி நிறுத்திவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நான் கம்பியை உருவிப் பார்த்தேன். நுனியில் பொட்டளவுதான் ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பார்த்தால்தான் அளவு சரியாகக் காட்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எஞ்சின் சாகப்போகிறது! நாற்பதாம் நம்பர் டின்னைத் தூக்கி வந்து, அது காலியாகும்வரை ஊற்றினேன்.

அரைமணி நேரம் கழித்து அக்காவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"புள்ள குறுக்கால கெடக்குதுங்க. ஜல்தியா விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுங்க."

அம்மா அக்காவைப் பின்சீட்டில் மடியில் போட்டுக்கொண்டாள். வீட்டில் விட ஆளில்லாததால் நான் அப்பாவின் பக்கத்தில் ஏறினேன். ஆயில் பார்க்காமல் அப்பா வண்டியை எடுத்தது அன்று ஒருநாள்தான்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பின்னால் நீலப்புகை கிளம்பியது. கருகிய எண்ணெய் வாடை வண்டிக்குள் நிறைந்தது. எஞ்சின் இருமிக்கொண்டே ஓடியது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் அக்கா அலறினாள். ஊற்றிய ஆயில் போதவில்லை, எஞ்சின் சாகிறது என்றே முதலில் நினைத்தேன். விக்கிரவாண்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் வண்டி நின்றேவிட்டது. சாலையில் இரு பக்கமும் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

அப்பா பானெட்டைத் தூக்கினார். கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தார். மேல்கோட்டுக்கு மேலே நாலு விரற்கடை ஆயில் ஏறியிருந்தது. அவர் கம்பியைப் பார்த்தார். பிறகு என் பாவாடையைப் பார்த்தார். அதில் கையளவு ஆயில் கறை இருந்தது. நான் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

அதிகப்படி ஆயிலை இறக்க அடியிலிருந்த மரையாணியைக் கழற்றியதும், அது கொதிக்கக் கொதிக்கத் தரையில் கொட்டியது. முழுவதும் போய்விட்டால் வண்டி நகராது. துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மறுகையால் ஆணியைப் பொருத்தினார். மணலில் அவர் குதிகால் உதைத்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து கம்பியைப் பார்த்தார். மறுபடி அடியில் போய் இன்னும் கொஞ்சம் இறக்கினார். பிறகு ஆயில் குடித்திருந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார்.

"ஏங்க, பொண்ணு கண்ணு சொருவுதுங்க," என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் உடைந்தது.

"ஒண்ணுமில்ல. வண்டி சூடாயிடுச்சி, அவ்ளோதான். இதோ போயிடலாம்."

அக்கா செத்துவிடுவாள், நான்தான் கொன்றேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மயிலம் முருகனிடம் அக்காவுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள் என்றேன். சொன்ன உடனே அவன் நிஜமாகவே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

வண்டி கிளம்பியது. அப்பா வெந்த கையைத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கையாலேயே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அக்கா பிழைத்தாள்.

மறுநாள் அக்காவின் மாமியார் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆயில் ஜாஸ்தியாகி வண்டி நின்றதை அப்பா வாயாலேயே கேட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி அவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து, என் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"இத்தினி வருசமா வண்டி ஓட்டுறீங்களே, ஆயில் எவ்ளோ ஊத்தணும்னுகூடவா தெரியாது?"

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா தலை குனிந்தார்.

"என் தப்புதாங்க. தூக்கக் கலக்கத்துல நான்தான் ஜாஸ்தியா ஊத்திட்டேன்."

எனக்கு உடம்பிலிருந்து பாரம் இறங்கியது. அப்படியானால் நான் ஊற்றியது தெரியாமல் அப்பாவும் ஊற்றியிருக்கிறார்! அதனால்தான் அவ்வளவு மேலே ஏறியிருக்கிறது! இரண்டு பேரில் பெரிய தப்பு அவருடையதுதான் என்று தீர்மானித்து, அவர்மேல் கொஞ்சம் கோபமும் பட்டுக்கொண்டு, அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.