அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்

சிவகாசியில் எங்கள் சர்ச்சில் இன்று காலை ஆராதனை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுதுகிறேன்.

நன்றியாகப் பணம் வைத்துக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை கவர்களின் மேல் எழுதியிருப்பதை, ஆராதனை நடத்தும் உபதேசியார் வழக்கம்போல் மைக்கில் வாசித்தார். என் பக்கத்தில் இருந்த கிரேஸ் டீச்சரின் கவர்: "மகன் ஜெபின் அயர்லாந்தில் சந்தோஷமாகப் படிப்பதற்காக."

எல்லோரும் ஆமென் சொன்னோம்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த ஜெப விண்ணப்பங்கள். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற பழக்கம் உபதேசியாருக்குக் கிடையாது. அதே வேகத்தில் வாசித்தார்.

"ஐயா, மூணு மாசமா காலேஜுக்குப் போகல. ரூமை விட்டு வெளிய வரவே பயமா இருக்கு. ஜெபம் பண்ண உக்காந்தா ஒரு வார்த்தையும் வரல. எனக்காக ஜெபிங்க. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அயர்லாந்திலிருந்து ஜெபின்."

பழக்கதோஷத்தில் பாதிப் பேர் அதற்கும் ஆமென் சொல்லிவிட்டோம்.

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போய் மகனுக்குப் போன் போட்டார். ஒரே ரிங்கில் எடுத்துவிட்டான் போல.

"ஏலே, தூங்கலியா? அங்கன இன்னும் விடிஞ்சிருக்காதே. இல்லய்யா, திட்டல. முடியலைன்னா கெளம்பி வந்துரு."

உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

என் மகளும் கனடாவில் சந்தோஷமாகப் படிக்கிறாள். போன மாதம் கவரில் நானேதான் அப்படி எழுதினேன். அவளைக் கேட்டு எழுதவில்லை.

நீங்கள் கேட்டுத்தான் எழுதினீர்களா?