மில்லுக்குச் சத்தம் செய்த கதை

ஆபத்து என்றால் சத்தமாக அடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலில் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்கள். நாகல் நகரில் ஒரு சின்னப் பட்டறையில் அபாய மணி செய்கிறோம். ஒயர் பற்றவைப்பது என் வேலை. அடுப்பில் பால், தொட்டிலில் பிள்ளை, வாசலில் மாமனார், மூன்றும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நூல் மில் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்களுக்கு எந்நேரமும் அப்படித்தான். அப்படி ஒரு மில்லுக்கு எங்கள் மணி பிடித்தால்தான் எனக்கு வேலை நிலைக்கும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

வாய் அடைத்த மணி

எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் டிவி. அந்த வீட்டுக்காரர்களே வெளியே வந்து பார்க்கிற மாதிரி சத்தமாக ஒரு மணி செய்து, மில்லில் மாட்டினோம். மறுநாள் போனால் மணி முக்குகிறது. உள்ளே நிறையப் பஞ்சு. மில்லில் அதற்கென்ன குறை? கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் சவரிமுத்து அண்ணன் கூசாமல் சொன்னார்: "முதல்ல இதோட வாயை அடைச்சாத்தான் முதலாளி, மிஷினுக்கு என்னன்னு ரோசிக்க முடியுது."

இதமான மணி

சரி, காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று மெல்லிசாக ஒன்று செய்தோம். மில்லில் டீக்கு அடிக்கிற மணியும் அதே மாதிரி என்று யாரும் சொல்லவில்லை. சோதனைக்கு அமுக்கினதும் சவரிமுத்து அண்ணன் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். செத்த நேரம் கழித்து வெறும் டம்ளரோடு வந்தார். "டீயைக் காணோம், மணியை மட்டும் அடிச்சுவிட்டா எப்படித் தாயி?"

கடைசித் தடவை

திரும்பும்போது பஸ்ஸில் முதலாளி, "இன்னும் ஒரு தடவைதான் பார்ப்பாங்களாம்" என்றார். பட்டறையில் எல்லோருமாக உட்கார்ந்து யோசித்தோம். பஞ்சில் தீ என்றால் நிறுத்தாமல் ஒரு சத்தம், கரண்ட் கோளாறு என்றால் விட்டு விட்டு, குளிர்காற்று மிஷின் நின்றால் ஒரே ஒரு குட்டிச் சத்தம். 'பார்த்தாச்சு' என்று அமுக்கி நிறுத்த ஒரு பொத்தான். மில்லில் மாட்டும்போதே எந்தச் சத்தம் எதற்கு என்று சவரிமுத்து அண்ணனிடம் ஒரு தடவை சொல்லிவைத்தோம்.

சோதனை பார்க்க வந்த மில் மேனேஜர் என்னைப் பார்த்து, "விளக்கிச் சொல்லும்மா" என்றார். நான் சுவிட்சைப் போட்டேன். விட்டு விட்டு அடித்தது. சவரிமுத்து அண்ணன் சோற்றுத் தூக்கை மூடி வைத்து, பதறாமல் எழுந்து, நேரே கரண்ட் கோளாறு காட்டும் விளக்குப் பக்கம் போய்ப் பொத்தானை அமுக்கினார். "மணி எப்படி?" என்று அவரிடம் கேட்டார் மேனேஜர். "வையாம, என்னன்னு மட்டும் சொல்லுதுங்க. நம்ம சூப்பர்வைசரையும் செத்த இந்தப் பட்டறைக்கு அனுப்பி வைங்க."

என் வேலை நிலைத்தது. ஊரையே அலறவைப்பது சுலபம், ஒரே ஒரு ஆளைப் பதறாமல் திரும்பிப் பார்க்கவைப்பதற்குத்தான் எங்களுக்குக் கூலி.