எஸ்தர் சிஸ்டர் கூப்பிட்ட குரல்

அன்று காலை ஷிப்டுக்காக மறைமலை நகரில் இறங்கி கேட்டைத் தாண்டும்போது, செக்யூரிட்டி என்னிடம், "எஸ்தர் சிஸ்டர் போயிட்டாங்கப்பா" என்றார். எனக்கு முன்னால் வந்த பஸ்ஸில் வந்து உள்ளே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். "சரி, போய்ப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் நர்ஸாக இருந்த முதலுதவி அறை பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டின் முன்னால் நின்றபோதுதான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. உடம்பு சரியில்லை என்று அதற்கு முன் ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

நம் தொழிற்சாலையில் அவர் கையால் கட்டுப் போட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. அடிபட்டு வருகிறவனிடம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. என் விரல் பிளந்த அன்று, "வலிக்கும். கத்தணும்னா கத்திக்கோ. கைய மட்டும் இழுக்காத" என்றார். நான் கத்தினேன். கையை இழுக்கவில்லை.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும்.

சேரப்பணஞ்சேரியில் அவர் வீட்டு வாசலில் பழைய அம்பாசடர் ஒன்று நிற்கும். அவருடைய தம்பி வாங்கிய வண்டி. அந்தத் தம்பி வயல் கிணற்றில் மூழ்கி இறந்தபின், சிஸ்டர் வண்டியை விற்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த ஊரில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போவார்கள். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷத் தொடக்கத்தில் அதன் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. ஒருநாள் வலியில் துடிக்கும் பெண்ணைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வழியில் போனவர்கள் தள்ளி ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டாலும், சிஸ்டருக்கு அந்த மேடு மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த வீட்டுக் கமலாவுக்கு அது நிறைமாதம். படப்பை மெக்கானிக்கோ இப்போதைக்கு முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

"வேலு, நீ மெயின்டனன்ஸ்லதானே கீற? கிளட்ச் பிளேட்டு மாத்த வருமா?" என்று சிஸ்டர் என்னிடம் கேட்டார்.

"லாரிக்கு மாத்திக்கீறேன், சிஸ்டர்."

"அப்ப ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வா. கூட நான் நிக்கறேன்."

பைபிள் வாசித்து முடித்த கையோடு, பழைய புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எனக்காகக் காத்திருந்தார். ஜாக்கி வைத்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின் மேல் நிறுத்தினோம். நான் அடியில் படுத்து கியர் பாக்ஸைக் கழற்ற, அவர் டார்ச் அடித்து, கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் வரிசை மாறாமல் வைத்தார். பழைய பிளேட் ஆணி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத வெச்சிக்கினா இத்தன பொம்பளைங்கள ஏத்திக்கினு போனேன்" என்றார்.

புது பிளேட்டைப் பொருத்தி போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். டீ போட சிஸ்டர் உள்ளே போயிருந்தார். நல்ல வெயில். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அப்போது என் காதுக்குப் பக்கத்தில், அவசரமே இல்லாமல், அவர் குரல் கேட்டது.

"வேலு, வெளிய வா."

ஸ்பேனரை வைத்துவிட்டு ஊர்ந்து வெளியே வந்தேன். யாருமில்லை. சமையலறை வாசலுக்குப் போனேன். அடுப்பின் முன்னால், எரிந்த தீக்குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"கூப்ட்டீங்களா, சிஸ்டர்?"

"இல்லியே."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வெளியே வண்டிப் பக்கம் மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு கட்டை இரண்டாகப் பிளந்து, வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தது. என் தலை இருந்த இடத்தில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

சிஸ்டர் பிளந்த கட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு குரல் மாதிரி இருந்திச்சி?" என்றார்.

"உங்க குரல்தான்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "அடுப்பு பத்த வெக்கும்போது, இவன வெளிய வரச் சொல்லணும்னு தோணிச்சி. ஏன்னு தெரியல. மனசுலதான் நெனச்சேன். வாயத் தொறக்கல."

நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"என் தம்பி கெணத்துக்குப் போன அன்னிக்கும் இப்டிதான் தோணிச்சி. போவாதன்னு நெனச்சேன். அவனுக்குக் கேக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெனச்சா போதாது வேலு. சொல்லிடணும். எல்லாருக்கும் கேக்கும்னு இல்ல."

இதை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். அவர் இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு தெருவில் நான்கு பேரைக் கூப்பிட்டு, வண்டியைத் தூக்கி, புளியமரத் துண்டுகளை முட்டுக் கொடுத்தோம். என்னை மறுபடி அடியில் போக அவர் விடவில்லை. "நீ வெளியேர்ந்து சொல்லு, நான் முறுக்கறேன்" என்று அவரே படுத்துக்கொண்டார். இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. அந்த வாரமே கமலாவை ஏற்றிக்கொண்டு போனார். ஏரிக்கரை மேட்டில் வண்டி ஒரு திணறலும் இல்லாமல் ஏறியதாம். பெண் குழந்தை.

அவரை அடக்கம் செய்த அன்று அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கமலா வந்திருந்தாள். எல்லோரும் மண் போட்டோம். நான் கொஞ்ச நேரம் தள்ளி நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒருவனை நினைத்து மனதில் ஏதாவது உறுத்தினால் இப்போதெல்லாம் அதை உள்ளேயே வைத்துக்கொள்வதில்லை. வாயைத் திறந்து கூப்பிட்டுவிடுகிறேன். பைத்தியம் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

போன வாரம் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், கிரேனில் தொங்கிய டை என்கிற கனத்த இரும்பு அச்சின் கீழே நம் நாகராஜ் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். எனக்கு என்னவோ போல் இருந்தது. வாசலில் நின்றபடியே, "நாகராஜ், வெளிய வா" என்று கத்தினேன். அவன் ஏற்கெனவே நிமிர்ந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான். டை விழவில்லை. பத்திரமாக இறங்கி உட்கார்ந்தது.

"இன்னாண்ணே, அதான் மொத தபா பக்கத்துல வந்து கூப்ட்டப்பவே எழுந்துட்டேனே. அப்பறம் இன்னாத்துக்கு அங்க போய் நின்னு கத்தற?" என்றான்.

நான் வாசலிலிருந்து ஓர் அடிகூட உள்ளே வைக்கவில்லை. கூப்பிட்டதும் ஒரே ஒரு முறைதான். முதலில் கேட்ட குரல் யாருடையது போல இருந்தது என்று அவனிடம் நான் கேட்கவில்லை.