பிரட்டுக்களத்தில் அளந்த படகு

ஒரு படகு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ஆற்றைப் பார்த்து முடிவு செய்யாமல், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் ஆட்களைப் படுக்கவைத்து முடிவு செய்த மனிதரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்துத் துரைதான் அவர். ‘அவர்’ என்று எழுதவே கை கூசுகிறது. பழக்க தோஷம், விடவில்லை.

நான் அந்த ரப்பர் தோட்டத்தில் மருத்துவச்சி. இரத்தினபுரிக்குக் கீழே, களு கங்கையின் இந்தப் பக்கக் கரையில் தோட்டம். மோட்டார் பஸ் ஓடும் ரோடு அந்தப் பக்கக் கரையில். துரையிடம் பெட்ரோலில் ஓடும் ஒரு சின்ன லாஞ்சு இருந்தது. கூரை இல்லை, மெத்தை இல்லை. ஆனால் முழங்காலளவு தண்ணீரிலும் வாத்து மாதிரி போகும். சிக்கலான பிரசவம் என்றால் நான் பங்களா வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். துரை கிளப்புக்குப் போகாத நாளாக இருந்தால் தலையை ஆட்டுவார். லாஞ்சில் குறுக்கே பலகை போட்டு, பெண்ணைக் கிடத்தி, ஆற்றோடு மேலே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். பிச்சைதான். ஆனாலும் அந்தப் பிச்சையில் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தன.

அப்போதுதான் ஆற்றுக்குக் கீழே இருந்த தோட்டத்துத் துரை, அறை வைத்த டீசல் படகு ஒன்று வாங்கினார். வந்தது வினை. ரப்பர் விலை ஏறியிருந்த காலம். எங்கள் துரைக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடையதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும். படகுக் கம்பெனிக்காரர்கள் மூன்று அளவு சொல்லியிருந்தார்கள்: சின்னது, நடுத்தரம், பெரியது. காகிதத்தில் பார்த்து அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. புதுக்காட்டில் ரப்பர்க் கன்று நட முளை அடித்துக் கயிறு கட்டுவோமே, அதேபோல மூன்று படகையும் பிரட்டுக்களத்தில் கட்டிக் காட்டும்படி பெரிய கங்காணிக்கு உத்தரவு போட்டார்.

ஐப்பசி மாதம். விடியற்காலையில் தப்புப் பறை அடித்ததும் ஆட்கள் வந்து நின்றார்கள். வேலை பிரித்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில், கயிற்றுக்குள்ளே போய் உட்காரச் சொன்னார்கள். பால் வெட்டப் போகிற பெண்கள் வாளியும் கையுமாக ஈரத் தரையில் குந்தினார்கள். படகில் ஏறப்போகும் விருந்தாளிகளுக்குப் பதிலாக ஒருத்தி கிளப் துரை, ஒருத்தி பொலிஸ் துரை, ஒருத்தி அவருடைய மச்சினி! துரை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “இன்னும் ரெண்டு ஆள் போடு, கங்காணி” என்று தன் கொச்சைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு கட்டில் விஷயம் வந்தது. துரைசாணி நெட்டை. அவர் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு அறை வேண்டும். பெரிய கங்காணி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஒருத்தியைக் கை காட்டினார்.

“ஏய் நெட்டச்சி, இங்க வா. படு.”

அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அது அவளுக்குத் தலைப்பிள்ளை. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையை முகத்தின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கும் முன்னால், அந்தச் சேற்றில் மல்லாந்து படுத்தாள். தலைமாட்டில் ஒரு முளை, கால்மாட்டில் ஒரு முளை. சின்னப் படகில் அவள் கால் வெளியே வந்தது. நடுத்தரத்தில் இடித்தது. பெரியதில் சரியாக இருந்தது. துரை கையைத் தட்டினார்.

அவள் எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டபோது, “ஏண்டி படுத்த?” என்று பல்லைக் கடித்தேன்.

“படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். இல்லாட்டி அரைப் பேருதான் போடுவாங்க, அம்மா” என்றாள். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான சம்பளம். அரைப் பேர் போட்டால் அவள் வீட்டில் அன்றைக்கு அரை வயிறு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. துரைக்கு முன்னால் போய் நின்றேன்.

“தொரை, பழைய லாஞ்சு நோயாளிங்களுக்கு இருக்கட்டுங்களே.”

“அது படகுக் கம்பெனி எடுத்துக்கும். புதுசுக்கு மாத்து.”

“அப்படின்னா பெருசு வேணாங்க. பெருசுக்கு ஆழம் வேணும்.”

துரை பெரிய கங்காணியிடம் திரும்பி, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். கங்காணி அப்போதே படகுத்துறைக்கு ஓடினார். ஐப்பசி வெள்ளம் மண்ணைக் கரைத்துக்கொண்டு சிவப்பாக ஓடுகிறது. ஒரு முழு மூங்கிலை விட்டுப் பார்த்தார். மூங்கிலே காணாமல் போனது. திரும்பி வந்து, “எக்கச்சக்கம் தொரை! ரெண்டு ஆள் ஆழம்!” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் “ஆமாங்க தொரை” என்றார்கள்.

“மாசியில அதே எடத்துல நின்னுதான் பொம்பளைங்க துணி தொவைக்கிறாங்க. முழங்கால் தண்ணிங்க தொரை” என்றேன்.

“நீ புள்ளை பாரு, மருத்துவச்சி. ஆறு நான் பாக்கிறேன்” என்றார் துரை.

பிறகு கங்காணி என்னைத் தனியே பிடித்துக்கொண்டார். “ஒனக்கு அறிவிருக்கா? தொரை ஒண்ணக் கேட்டா கொறச்சலா சொல்லப்படாது. அது இந்தத் தோட்டத்துப் பழக்கம். எங்க அப்பாரும் சொன்னதில்ல, நானும் சொன்னதில்ல.” அந்தப் பழக்கம் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இருந்தது. ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் ஆற்றின் ஆழம் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

கார்த்திகை வெள்ளத்தோடு களுத்துறைப் பக்கமிருந்து படகு ஏறி வந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு கலியாண வீடு. உள்ளே மெத்தைக் கட்டில், திரைச்சீலை, பித்தளை விளக்கு. தேங்காய் உடைத்துச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். அந்த அறைக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். எங்கள் லயத்தில் ஆறு பேரும் இரண்டு கோழியும் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவைவிட அது பெரிது. பழைய லாஞ்சைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு பூக்கூட வைக்கவில்லை யாரும்.

அதன்பிறகு சனி, ஞாயிறு தடதடவென்று சத்தம், கரும்புகை, விஸ்கி வாடை. துறைக்குக் கீழே குடிதண்ணீர் அள்ளினால் குடத்தில் எண்ணெய் மிதக்கும். அதைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குடித்தோம். தூ!

தை பிறந்ததும் ஆறு வற்றத் தொடங்கியது. மாசியில் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது. சாயாமல் இருக்க இருபுறமும் ரப்பர்க் கட்டை முட்டுக் கொடுத்தார்கள். துரை மாலையில் போய், அசையாத படகில் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவார்.

ஒரு நாள் முற்பகல், பால் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே அந்த நெட்டைப் பெண்ணுக்கு வலி கண்டது. நான் போய்ப் பார்த்தபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. ஒரு கை முதலில் வெளியே வந்திருந்தது. ஆஸ்பத்திரியைத் தவிர வேறு வழியில்லை. சாக்கில் கம்பு கோத்து அவளைத் துறைக்குத் தூக்கி வந்தோம். படகு ஓட்டுகிற சிங்களவர் கரையில் நின்று கையை விரித்தார். “வத்துர மதி, நோனா” என்றார். தண்ணீர் போதாதாம். அவர் கண் கலங்கியிருந்தது. துறையில் முழங்கால் தண்ணீர்தான் என்றாலும் நடு ஆற்றில் ஆழமும் இழுப்பும் இருந்ததால் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடக்கவும் முடியாது. அக்கரைக் கிராமத்தில் ஒரு தோணி உண்டு. அதைக் கொண்டுவர அவர் ஆற்றில் குதித்து நீந்திப் போனார்.

வெயில் கொளுத்தியது. துறையில் நிழல் என்றிருந்தது அந்தப் படகு அறை ஒன்றுதான். “உள்ள தூக்குங்க” என்றேன். பெரிய கங்காணி ஓடி வந்து கையை நீட்டி மறித்தார்.

“ஐயையோ, அது தொரைசாணி கட்டில்!”

“இந்தக் கட்டிலுக்கு அளவு குடுத்தவளே இவதான்யா, வழிய விடு!”

உள்ளே கிடத்தினோம். தலை ஒரு பக்கப் பலகையில், கால் மறுபக்கப் பலகையில். ஓர் அங்குலம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தோணி வந்துருச்சா, அம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “வருது, வருது” என்றேன். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது பிள்ளையின் கை நீலம் பாய்ந்து குளிர்ந்துவிட்டிருந்தது. அக்கரையில் பஸ்ஸை மறித்து ஏற்றி ஆஸ்பத்திரி சேர்த்தோம். தாயை மீட்டார்கள். பிள்ளை எப்போதோ போய்விட்டது. ஆண் பிள்ளை. அவளைப்போலவே கைகால் நீளம்.

நான் திரும்பி வந்தபோது துறையில் நெருப்பு எரிந்தது. துரை மெத்தையை எரிக்கச் சொல்லியிருந்தார். அறையை மூன்று தரம் பினாயில் போட்டுக் கழுவினார்களாம். அந்தப் பெண் பிழைத்தாளா என்று என்னிடம் அவர் கேட்கவில்லை. திரைச்சீலையிலும் கறை பட்டதா என்று கேட்டார்.

அடுத்த மழைக்காலம் வந்தது. பெரியது ஆற்றுக்கு ஆகவில்லை என்று துரைக்கு ஞானம் பிறந்து, நடுத்தரப் படகுக்கு மாற்றப் போவதாகச் சேதி. மறுபடியும் பிரட்டுக்களம், முளை, கயிறு, நாற்காலி. மானம் ரோஷம் என்று ஒன்றும் கிடையாதா இவர்களுக்கு என்று நான் ஓரமாக நின்றேன். பெரிய கங்காணி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அதே கை அதே பெண்ணிடம் போய் நின்றது.

“ஏய், வா. ஒன் அளவுதான் தொரைக்குத் தெரியுமே.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கயிறு வரைக்கும் வந்தாள், அதைத் தாண்டவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, துரையின் முகத்தைப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னாள்.

“படுத்துப் பாத்தாச்சுங்க தொரை. நீளம் சரியாத்தான் இருந்துச்சு. தண்ணிதான் இல்ல.”

அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட “ஆமாங்க” என்று சொல்லவில்லை. அவள் வாளியை எடுத்துக்கொண்டு மலையேறிப் போய், பொழுதுக்கும் பால் வெட்டினாள். சாயங்காலம் அவளுக்கு அரைப் பேர்தான் போட்டார்கள்.